கப்பல் வரும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள்

1

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மகளுக்குத் தலையில் எண்ணெய் வைத்து உட்கார்த்திவிட்டு, வெந்நீர் கொதிக்கக் காத்திருந்தேன். கீழ் குவார்ட்டர்ஸுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் செல்வி படியேறி வந்து கதவருகில் நின்றாள். மதுரைப் பக்கத்துப் பெண், கல்யாணமாகிக் கப்பலேறி ஏழெட்டு மாதம் ஆகிறது. உள்ளே வா என்றேன், வரவில்லை. சர்க்கரை வேண்டுமா என்றேன், இல்லை என்றாள். மண்ணெண்ணெயா? அதுவும் இல்லையாம். எண்ணெய்க் கையோடு நிற்பவளை இப்படி ஒவ்வொன்றாகக் கேட்க வைத்தால் எரிச்சல் வருமா வராதா? நான் கோபக்காரி என்பது போர்ட் பிளேரில் இந்த டெலானிபூர் மேட்டில் அத்தனை வீட்டுக்கும் தெரியும். தெரிந்தும் இவள் வந்திருக்கிறாள் என்றால் வேறு போக்கிடம் இல்லை என்று அர்த்தம்.

கடைசியில் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாள். கர்ப்பத்தடை மாத்திரை. பாதிக்கு மேல் காலியாக இருந்தது.

"அக்கா, போன மாசம் நடுவுல விடுற ஏழு நாள்ல எனக்கு வரவே இல்ல. வரும் வரும்னு அடுத்த அட்டையையும் ஆரம்பிச்சுட்டேன். இப்பக் காலையில எந்திரிச்சாக் குமட்டுது. உள்ள ஒண்ணு இருந்து, அதுமேல நான் பாட்டுக்கு இத முழுங்கியிருந்தா, அதுக்கு எதுவும் ஆயிருமாக்கா?"

என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அவளை உட்கார வைத்தேன். ஏழு வருடத்துக்கு முன்னால் இதே ஊரில், இதே கேள்வியோடு, இதே மாதிரி ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன். என்ன, எனக்கு எந்தக் கதவுக்குப் போய் நிற்பதென்று தெரியவில்லை.

ஊரிலிருந்து எனக்குக் கடிதம் எழுதுகிற எல்லோரும் ஒன்று தவறாமல் கேட்கிறீர்கள், ஜெயிலைப் பார்த்தாயா என்று. பார்த்தேன், போதுமா? தினம் பஸ் அந்தப் பக்கமாகத்தான் போகிறது. இங்கே ஒரு பெண் பிள்ளை பெற்றுக்கொள்வதும் பெற்றுக்கொள்ளாமல் இருப்பதும் எப்படி நடக்கிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்காவிட்டால் என்ன, நான் சொல்கிறேன்.

2

என் வீட்டுக்காரருக்குப் பொதுப்பணித்துறையில் ஓவர்சியர் வேலை. தினமும் படகில் எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டுக்குப் போய் வருவார். கல்யாணமாகி நான் வந்த ஆறாம் மாதம் எனக்கும் ஒரு சர்க்கார் ஆபீஸில் கிளார்க் வேலை கிடைத்தது. இரண்டு வருடம் புரொபேஷன். அது முடியும்வரை குழந்தை வேண்டாம் என்று இருவருமாக முடிவு செய்தோம். விருதுநகரில் எங்கள் வீட்டில் இருந்துகொண்டு இப்படி முடிவு செய்திருக்கவே முடியாது. அங்கே ஐந்து பெண்கள் ஒரு கிணற்றடியில். யாருக்கு எந்தத் தேதி என்பது வீட்டுக்கே மனப்பாடம். இரண்டு நாள் தாண்டினால் பெரியம்மா, "என்னடி, இந்த மாசம் இன்னும் தலைக்குக் குளிக்கலையா?" என்று அடுப்படியிலிருந்தே கேட்பார். அந்த நச்சரிப்பில்லாத ஊருக்கு வந்தோமே என்று முதல் வருடம் முழுக்க எனக்குப் பெரிய சந்தோஷம்.

மாத்திரை யோசனை மெட்ராஸில் டீச்சராக இருக்கும் என் நாத்தனாருடையது. நான் அங்கே போயிருந்தபோது டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டி, அப்புறம் ஒவ்வொரு கப்பலிலும் தெரிந்தவர்கள் கையில் அவரே அட்டை கொடுத்தனுப்பினார். அபர்டீன் பஜாரிலும் மருந்துக்கடை இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. கடைக்காரர் எங்கள் ஊர் அண்ணாச்சி. என் அப்பாவை 'மாமா' என்று கூப்பிடுகிறவர். அவரிடம் போய் இதைக் கேட்பதற்குப் பதில் நான் கடலிலே குதித்திருப்பேன்.

இருபத்தொரு நாள் விழுங்க வேண்டும், ஏழு நாள் விட வேண்டும், மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இதில் என்ன தப்பு வர முடியும் என்று மெயின்லேண்டில் இருக்கிறவர்கள் கேட்பீர்கள். அங்கே வராது, இங்கே வரும்.

அந்த வருடம் மெட்ராஸ் கப்பல் ரிப்பேருக்குப் போய்விட்டது. இன்றைக்கு வரும், அடுத்த வாரம் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். "ஜஹாஜ் கப் ஆயேகா?", கப்பல் எப்போது வரும் என்பதுதான் ஊரில் ஒருவரை ஒருவர் விசாரிக்கும் ஒரே வார்த்தை. வங்காளி, தெலுங்கர், மலையாளி, நாம், எல்லோருக்கும் அந்த ஒரு வார்த்தை இந்தியில் வரும். கப்பல் தாமதமானால் தீவுக்காரர்கள் என்ன செய்வோம்? இருப்பதை நீட்டுவோம். ஒரு வெங்காயத்தைப் பாதியாக்கி இரண்டு நாள் சாம்பார். பால் பவுடர் மூன்று ஸ்பூன் போட்ட இடத்தில் ஒன்று. இவர் இருக்கிறாரே, மொத்தமாக வந்து சேரும் இருபது நாள் பேப்பரை ஒன்றாகப் படித்துத் தீர்க்க மாட்டார். தினம் ஒன்று என்று தேதி வரிசைப்படி படிப்பார். அடுத்த கட்டு வரும்வரை அதுதான் இன்றைய செய்தி.

என் அட்டையில் பத்து மாத்திரை மிச்சம். கப்பல் எப்போது என்று தெரியாது. நான் ஒருநாள் விட்டு ஒருநாள் போட ஆரம்பித்தேன்.

சொன்னால் இப்போது எனக்கே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஆனால் அன்று பெருமையாக இருந்தது. இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "கெட்டிக்காரிதான்" என்றார். படித்த இரண்டு பேர் கூடி வெங்காயத்தையும் மாத்திரையையும் ஒரே தராசில் வைத்தோம். மாத்திரை தினமும் விழுந்தால்தான் வேலை செய்யும், ஒன்றிரண்டு நாள் விட்டாலே காவல் போய்விடும் என்பது அந்தக் காகிதத்திலேயே போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் இதைச் செய்தேன்.

பத்து மாத்திரையும் இருபது நாளில் தீரும் நேரத்தில் கப்பல் வந்தது. வெங்காயம் வந்தது, பேப்பர் வந்தது, அட்டையும் வந்தது. மறுபடி ஒழுங்காகத் தினமும் விழுங்கினேன். ஏழு நாள் இடைவெளியில் வரவேண்டியது வரவில்லை. நாளை மாற்றிப் போட்டதால் உடம்பு குழம்பியிருக்கிறது என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டு அடுத்த அட்டையையும் ஆரம்பித்து முடித்தேன். ஒரு நாள் சாத்தம் படகுத்துறையில் டீசல் வாடைக்குக் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். கூட வந்த பக்கத்து வீட்டு மாஷி, கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய அம்மாள், என் முதுகைத் தடவிக்கொண்டே இந்தியில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். கிணற்றடிப் பெரியம்மா இருந்திருந்தால் இரண்டு மாதம் முன்பே தெரிந்திருக்கும். அதற்காகப் பெரியம்மா வேண்டும் என்று சொல்ல வரவில்லை.

3

குழந்தை என்றதும் வந்த சந்தோஷம் வீடு வந்து சேரும்வரைதான் நீடித்தது. அட்டையோடு வந்த காகிதத்தை எடுத்துப் படித்தேன். கர்ப்பமாக இருப்பவர்கள் சாப்பிடக்கூடாது என்று இங்கிலீஷில் ஒரு வரி. ஆபீஸில் நாள்முழுக்க இங்கிலீஷ் கடிதங்களோடு மாரடிக்கிறவள் நான். அந்த ஒரு வரியை இருபது தடவை படித்தேன். இரண்டு மாதமாக ஒரு பிஞ்சுக்குத் தினம் ஒரு விஷம் ஊட்டியிருக்கிறேன் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்போதிருந்த லேடி டாக்டர் நாகர்கோவில்காரர். பரிசோதித்துவிட்டு, நான் சொன்னதை எல்லாம் கேட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றபோது மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னையோட நிறுத்திரு. தின்னது தின்னதுதான், அதையே நினைச்சு உருகாதே. தெரியாமத் தின்னுட்டு வந்தவங்க எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன், நல்ல பிள்ளையாத்தான் பெத்தாங்க. வயித்துல பிள்ளை இருக்கும்போது அந்த மாத்திரைக்கு வேலை கிடையாது, அதான் சாப்பிடாதேன்னு போட்டிருக்கான்."

நூற்றுக்கு நூறு நிச்சயமா என்று கேட்டேன். நூற்றுக்கு நூறு யாரும் எழுதித் தர மாட்டார்கள், மாத்திரையே தொடாதவளுக்கும் தர மாட்டார்கள் என்றார். சத்து மாத்திரை எழுதினார், கண்டதையும் நானாக வாங்கி விழுங்கக் கூடாது என்றார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மொத்தமே ஐந்து நிமிடம். அதனாலேயே நான் நம்பவில்லை. சர்க்கார் ஆபீஸில் உட்கார்ந்து பழகிவிட்டால் இப்படித்தான். நாலு மேஜை சுற்றி, நாலு கையெழுத்து வாங்கி வராத பதில் பதிலாகவே தோன்றாது. மெட்ராஸில் பெரிய டாக்டர் ஒருவர் சொன்னால்தான் ஆச்சு என்று பிடிவாதமாக இருந்தேன்.

நாத்தனாருக்குத் தந்தி கொடுக்கப் போனேன். ஃபாரத்தில் விஷயத்தை எழுதிப் பார்த்தேன். கவுண்டரில் இருப்பவர் வார்த்தை வார்த்தையாக உரக்கப் படித்து எண்ணுவார், பின்னால் வரிசையில் இவர் ஆபீஸ் பியூன் நிற்கிறார். கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்து கடிதமாக எழுதினேன். அது அடுத்த கப்பலில் போனது. பதில் அதற்கடுத்த கப்பலில் வர வேண்டும்.

நானே போய்விடலாம் என்று டிக்கெட்டுக்கு விசாரித்தால், கர்ப்பிணி என்றால் எத்தனை மாதம் என்று சர்ட்டிஃபிகேட் வேண்டுமாம். வைத்தியத்துக்குப் போகிறேன் என்றால் இங்கே வைத்தியம் இல்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதி வாங்க வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால், என்ன நோய்க்கு என்று கேட்டார்கள். நோய் ஒன்றும் இல்லை, பயம்தான் என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது? என் ஆபீஸிலோ புரொபேஷனில் இருக்கிறவள் நீண்ட லீவு கேட்டால் புரொபேஷன் நீளும் என்றார்கள். இதெல்லாம் நானே பிறருக்கு டைப் அடித்துக் கொடுத்த விதிகள்தான். யாரைத் திட்டுவது?

அதற்குள் செய்தி கசிந்துவிட்டது. பஜாரில் ஒரு அம்மாள், தானாகக் கலைந்துவிடும் என்று எள்ளும் வெல்லமும் தின்னச் சொன்னார். ஆபீஸில் என் சீனியர், வயதான பெண்மணி, என்னைத் தனியே கூப்பிட்டு, இப்போதுதான் சட்டமே வந்துவிட்டதே, மாத்திரை தவறிப்போய் உண்டானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் டாக்டரே கலைத்துவிடுவார், குறையோடு ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு இந்தத் தீவில் என்ன செய்வாய் என்றார். கெட்டவர் இல்லை. நல்ல மனதோடுதான் சொன்னார், அதுதான் எனக்கு நடுக்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பேப்பர் படிப்பதற்குக்கூட வரிசை வைத்திருக்கிற மனிதருக்கு இதில் ஒரு அபிப்பிராயம் இருக்கக்கூடாதா? மூன்று நாள் அவரோடு பேசவில்லை. பிறகுதான் தெரிந்தது, என்னைவிட அவர் பயந்திருந்தார் என்று.

நாலாம் நாள் கலைத்துவிடுவது என்று தீர்மானித்து மறுபடியும் அதே டாக்டரிடம் போனேன். இந்த முறை அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"உனக்குப் பிள்ளை வேண்டாமா, இல்ல பயமா இருக்கா? வேண்டாம்னா சொல்லு. அது உன் இஷ்டம், குறை சொல்ல மாட்டேன், செஞ்சு தாரேன். பயத்துக்காகன்னா, அதுக்கு இது மருந்து இல்ல."

வேண்டும் என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு வேண்டும் என்று எனக்கே தெரிந்தது. அந்த மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். அவர் என்னை அழவிட்டுவிட்டு யாருடைய கேஸ் தாளையோ எழுதிக்கொண்டிருந்தார்.

நாத்தனாரின் பதில் என் ஐந்தாம் மாதத்தில் வந்தது. அங்கே எல்லோரும் சௌக்கியம், கடவுள் இருக்கிறார், கவலைப்படாதே என்று ஒரு பக்கம். கூடவே வழக்கம்போல இரண்டு அட்டை மாத்திரை.

4

மகள் பிறந்தாள். முழு மாதம், நல்ல எடை, ஆஸ்பத்திரியே அதிர்கிற அழுகை. நர்ஸ் கையில் கொடுத்ததும் ஆணா பெண்ணா என்றுகூட நான் கேட்கவில்லை. விரல்களை எண்ணினேன். கையில் பத்து, காலில் பத்து. சரியாக இருந்தது. சரியாக இருந்தது என்று என் மனம்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று ஆரம்பித்த பழக்கம். ஒவ்வொரு எண்ணெய்க் குளியலுக்கும் முதலில் விரலை எண்ணுவேன். குப்புற விழ ஒரு வாரம் தாமதமானால் மாத்திரைதான். பல் முளைக்கவில்லையா, மாத்திரை. ஜுரம் வந்தாலும் மாத்திரை. முதுகுக்குப் பின்னால் தட்டைத் தட்டிப் பார்த்துக் காது கேட்கிறதா என்று சோதிப்பேன். திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். அடுத்த நாள் மறுபடி தட்டுவேன்.

இரண்டரை வயதாகியும் அவள் பேசவில்லை. அம்மா என்பாள், அப்பா என்பாள், மற்றதெல்லாம் விரல் நீட்டுவாள். நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். இதோ வந்துவிட்டது, இத்தனை நாள் ஒளிந்திருந்து இப்போது வந்துவிட்டது என்று. நாள்முழுக்க நான் ஆபீஸில், அவள் மாஷி வீட்டில். ஒரு மத்தியானம் தலைவலி என்று சீக்கிரம் வந்தேன். மாஷி வீட்டுக் கொல்லையில் யாரோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தால் என் மகள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு மாஷியின் கோழியைத் திட்டிக்கொண்டிருந்தாள். "பாக் யஹாங் ஸே! கித்னி பார் போலா!" போ இங்கேயிருந்து, எத்தனை தடவை சொல்கிறேன் என்று. முழு வாக்கியம், சுத்தமான போர்ட் பிளேர் இந்தி.

பேச்சு வராத பிள்ளை இல்லை. என்னோடு பேசாத பிள்ளை. அப்பாடா என்று இருந்த அதே நிமிடத்தில் கன்னத்தில் யாரோ அறைந்த மாதிரியும் இருந்தது. நான் இவள் வாயைத் திறக்கவைத்து நாக்கைச் சோதித்துக்கொண்டிருந்தேனே தவிர, உட்கார்ந்து இவளோடு பேசியதே குறைவு. இவர் விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் அவள் கனவில் உளறுவது இந்தியில்தான். தமிழ் எனக்காகப் பேசுகிறாள்.

இரண்டாவது குழந்தையைப் பற்றி ஊரிலிருந்து கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறீர்கள். இத்தனை வருடம் ஏதேதோ காரணம் எழுதினேன். உண்மை இதுதான்: இன்னொரு தடவை பயப்பட எனக்குத் தெம்பில்லை.

5

செல்விக்கு இத்தனையும் சொன்னேன். பாதியில் அவள் அழ ஆரம்பித்தாள், அழாதே என்று அதட்டினேன். அட்டையைப் பிடுங்கி அலமாரியில் வைத்தேன். முதலில் உண்டாகியிருக்கிறதா என்று டாக்டர் பார்க்கட்டும், அதுவரை இதைத் தொடாதே, யார் எதைக் கொடுத்தாலும் தின்னாதே என்றேன். திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டு நானே கூட்டிப்போனேன்.

பழைய டாக்டர் மாற்றலாகிப் போய்ப் பல காலம் ஆகிறது. இப்போதிருப்பவர் கல்கத்தாக்காரப் பெண். செல்விக்கு இந்தி வராது, நான்தான் நடுவில். பரிசோதித்துவிட்டு உண்டாகியிருக்கிறது என்றார். மாத்திரையை நிறுத்தச் சொன்னார், இதுவரை போட்டதற்காகக் கவலைப்பட வேண்டாம் என்றார், தெரியாமல் போட்டுக்கொண்ட எத்தனையோ பேர் நல்ல குழந்தை பெற்றிருக்கிறார்கள் என்றார். ஏழு வருடம், வேறு டாக்டர், வேறு பாஷை, பதில் மட்டும் அதேதான். செல்விக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். நிச்சயமா என்று கேளுங்கக்கா என்றாள். நான் கேட்கவில்லை. "சொல்லியாச்சுல்ல? நம்பு" என்றேன். சொல்லும்போதே எனக்கு என்மேல் கோபம் வந்தது.

இன்று மறுபடி ஞாயிறு. மகளுக்கு எண்ணெய் தேய்த்தேன். போன வாரம் செல்வி வந்தபோது இவள் எண்ணெய்த் தலையோடு அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்ததை நான் மறந்தே போயிருந்தேன். ஒரு வாரமாக எதையோ மனதில் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறாள்.

"அம்மா, செல்வி ஆன்ட்டிகிட்டச் சொன்னியே, அந்த பச்சா நானா?"

 குழந்தை என்ற சொல் அவள் வாயில் இந்தி பச்சாதான், திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, நீதான் என்றேன்.  அவள் எப்போதும்போல இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள். விரலை எண்ணுவது எண்ணெய்க் குளியலின் ஒரு பாகம், எல்லா அம்மாக்களும் செய்வது என்றுதான் இத்தனை நாள் அவள் நினைத்திருக்கிறாள். அவள் பொம்மைக்கும் எண்ணெய் வைத்து விரல் எண்ணுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி எண்ணக்கூடாது என்று வாரம் முழுக்க எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். அவள் கையை மெல்ல மடக்கிவிட்டேன்.

"இன்னிக்கு எண்ணலையா?"

"வேண்டாம். பத்துதான்."

"எண்ணாம எப்படித் தெரியும்?"

"டாக்டரம்மா சொன்னாங்க. நீ வயித்துல இருக்கும்போதே சொன்னாங்க. அம்மாதான் நம்பல."

அவளுக்கு இது சரியாகப் படவில்லை. மடக்கிய கையைத் திறந்து மறுபடி நீட்டினாள். ஏக் பார், ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினாள். வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. சரி, தொலையட்டும் என்று அவள் கட்டைவிரலைப் பிடித்தேன். நான் ஒன்று என்றேன், அவள் ஏக் என்றாள். இரண்டு என்றேன், தோ என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, எனக்குக் கண் மறைத்தது. இரண்டு பேருக்கும் பத்துதான் வந்தது.